பாஸ்கலிஸின் காலுக்குள் இருந்த தகடு

பாஸ்கலிஸ் விழுந்தது பெரிய உயரத்திலிருந்து அல்ல. குளிர்காலத்தின் கடைசியில் ஏரியோரத்து நாணலை வெட்டிக் கட்டுக் கட்டாக இழுவண்டியில் ஏற்றியிருந்தார்கள். அவன் மேலே நின்று கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். கீழே அவன் தம்பி ஆர்கிரிஸ் மறுமுனையைப் பிடித்திருந்தான். கயிறு நனைந்து போயிருந்தது. கட்டுகள் சரிந்தன, அவற்றோடு அவனும் சரிந்தான். வண்டியின் இரும்பு விளிம்பில் இடது கால் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம், சற்றுத் தள்ளி உட்கார்ந்து நாணலின் தோகையைச் சீவிக்கொண்டிருந்த அவன் மனைவி தொம்னாவுக்குக் கேட்டது. காய்ந்த கழி ஒன்று ஒடிகிறது என்றுதான் அவள் நினைத்தாள்.

"கயிறு வழுக்கிடுச்சு அண்ணி," என்றான் ஆர்கிரிஸ்.

அன்றைக்கு அவள் அதை நம்பினாள்.

எங்கள் ஏரிப்பக்கம் அவரைதான் எல்லாம். மே மாதம் விதை ஊன்றி, பக்கத்தில் நாணல் கழிகளைக் கூம்பாகச் சேர்த்துக் கட்டினால் கொடி அதில் ஏறும். செப்டம்பரில் நெற்று காயும். அப்புறம் காற்று பார்த்து அடித்துத் தூற்றி, கொட்டையைப் பெரியது சிறியது என்று பிரித்து மூட்டை பிடிப்பார்கள். கழி ஊன்றுவதும் பிடுங்குவதும் ஆம்பிளை வேலை. பாஸ்கலிஸுக்கும் ஆர்கிரிஸுக்கும் வீடு இரண்டு, களம் ஒன்று. தொம்னாவுக்குப் பிள்ளை இல்லை. ஆர்கிரிஸின் மனைவி இவாந்தியா பெற்ற இரண்டு பெண்களும் தூரதேசத்தில் இருந்தார்கள். ஆக மிஞ்சியவர்கள் நாலு பேர், அவர்களுக்கு ஒரு டிராக்டர்.

கணவாயில் பனி கிடந்ததால் ஆம்புலன்ஸ் வரவில்லை. ஆர்கிரிஸின் வேனில் பழைய கதவு ஒன்றைக் கிடத்தி, அதன்மேல் பாஸ்கலிஸைக் கட்டி, மலைக்கு அந்தப் பக்கத்து நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் அவன் கத்தவில்லை. ஒவ்வொரு வளைவிலும், "ஆர்கிரிஸ், இதுக்கு நீ என்னை நடக்கவே வச்சிருக்கலாம்," என்று மட்டும் சொன்னான்.

எலும்பு டாக்டரின் பெயர் மவ்ரிதிஸ். நெடுநெடுவென்று, தூங்காத கண்களோடு இருந்தார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு தட்டிலிருந்து இரண்டு தகடுகளை எடுத்து மேஜைமேல் போட்டார்.

"இது எஃகு. முழுக்க சர்க்கார் செலவு. இது டைட்டானியம். இதுல திருகு தகட்டோடயே பூட்டிக்கும். சர்க்கார் பாதிதான் தரும். மீதி எழுநூறு யூரோ நீங்க போடணும்."

தொம்னா இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தாள். எஃகு கனமாக, கழுவி வைத்த கரண்டிபோல் மின்னியது. மற்றது சாம்பல் நிறத்தில் எடையே இல்லாமல் இருந்தது.

"எது நல்லது, டாக்டர்?"

"யாருக்கு நல்லதுன்னு கேளுங்க. எலும்பு சுண்ணாம்பா உதிர்ற ஆளுக்கு டைட்டானியம் வேணும், திருகு பிடிக்க அங்க இடமிருக்காது. இவர் எலும்பு பாறை மாதிரி. முறிவும் சுத்தமா இருக்கு. எஃகே தாராளம். எதைப் போட்டாலும் ஒரே சமயத்துலதான் எழுந்து நடப்பார். அந்த எழுநூறுக்கு உங்களுக்குக் கூடுதலா ஒண்ணும் கிடைக்கப்போறதில்ல."

இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஏனென்றால் தொம்னாவும் ஒரு வியாபாரி. அறுவடை முடிந்ததும் ஏரியைச் சுற்றும் சாலையில் மேஜை போட்டு, வந்துபோகும் கார்க்காரர்களுக்கு அவரை விற்பவள். எங்கள் அவரையில் இரண்டு தரம் உண்டு. பெரியதற்கு ராட்சதன் என்று பெயர். அதைவிடப் பெரியது யானை. யானை எப்போதும் சீக்கிரம் தீர்ந்துவிடும். தீர்ந்தபின் வருகிறவர்களிடம் தொம்னா, "எதுக்கு வீணா யானைக்குக் காசு குடுக்கறீங்க? பானையில வெந்துட்டா ரெண்டும் ஒரே ருசிதான்," என்பாள். அது உண்மைதான். ஆனால் உண்மை என்பதற்காக அவள் அதைச் சொன்னதில்லை. தன்னிடம் யானை இல்லாதபோதும், இருக்கிற யானையைத் தெசலோனிக்கி நகரத்து வியாபாரிக்காக மேஜைக்கடியில் மறைத்து வைத்திருக்கும்போதும் மட்டுமே சொன்னாள்.

அதனால் அந்த டாக்டரின் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று தனக்கு நன்றாகவே தெரியும் என்று அவள் நினைத்தாள்.

வராந்தாவில் மூன்று பேரும் நின்றார்கள். இவாந்தியா தூக்குச்சட்டியிலிருந்து பிட்டுப் பிட்டுத் தந்த வெங்காயத்தாள் அடையை யாரும் வாயில் வைக்கவில்லை.

"எந்தக் கடைக்காரனாவது விலை கம்மியானதே போதும்னு சொல்லி நீ கேட்டிருக்கியாக்கா?" என்றாள் இவாந்தியா.

"நம்ம பூட்ஸைப் பாத்துட்டார்," என்றான் ஆர்கிரிஸ். "ஏரிச் சேறு. இதுங்ககிட்ட எங்க இருக்கப்போகுதுன்னு நினைச்சிருப்பார்."

"அது இல்ல," என்றாள் தொம்னா. "நல்லது ஒண்ணே ஒண்ணுதான் கையிருப்பு இருக்கும். யாருக்கோ எடுத்து வச்சிருக்கார். நாளைக்கு எவனாவது நகரத்துப் பையன் பனிச்சறுக்குல விழுந்து வருவான், அவனுக்குப் போகும் அது."

பெஞ்சில் உட்கார்ந்து பின்னல் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண்மணி ஊசியை நிறுத்தாமலே கேட்டாள். "உறை குடுத்தாச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"அதான பாத்தேன். உறை குடுக்காம நல்ல தகடு எங்கிருந்து வரும்? எங்க வீட்டுக்காரருக்கு இடுப்பு. மொத நாளே குடுத்துட்டோம். பாருங்க, ஜன்னலோரக் கட்டில்."

ஆர்கிரிஸ் ஒரு உறையில் பணத்தைப் போட்டு எடுத்துக்கொண்டு போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான். உறையும் திரும்பி வந்தது.

"என்ன சொன்னார்?"

"இதுக்குக் கறி வாங்கி அண்ணனுக்கு சூப் வச்சுக் குடுங்கன்னார்."

"கம்மியா இருந்திருக்கும்," என்றாள் இவாந்தியா.

இன்னும் கொஞ்சம் சேர்த்து அனுப்பினார்கள். இந்த முறை டாக்டரின் குரல் வராந்தா வரைக்கும் கேட்டது. ஆர்கிரிஸ் காது சிவந்து வந்தான். அந்தச் சமயம் பார்த்து, பெரிய பெட்டியோடு கோட்டுப் போட்ட ஒருவர் டாக்டரின் அறைக்குள் போனார். தகடு விற்கிற கம்பெனி ஆள் என்றாள் பின்னல் பெண்மணி. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. காப்பி போனது.

தொம்னாவுக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. "நம்மகிட்ட வாங்கல இல்ல? அப்ப வேற யார்கிட்டயோ வாங்கறார். எஃகுக் கம்பெனி குடுக்குது. நம்ம காலு, அவனுக்கு விற்பனை."

"சர்க்கார் தகட்டுல என்ன பெரிய லாபம் இருக்கப்போகுது அண்ணி?"

"லாபம் இல்லாமலா சிரிக்கறாங்க?"

உள்ளே கட்டிலில் பாஸ்கலிஸ் காலுக்கு எடை கட்டித் தொங்கவிட்டபடி கிடந்தான். இவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "எனக்கென்னமோ அந்த ஆள் சரியாத்தான் சொல்றார்னு படுது," என்றான்.

"உனக்கு வலிக்கு ஊசி போட்டிருக்காங்க. நீ பேசாத," என்றாள் தொம்னா.

"ஊசி காலுக்குத்தானடி போட்டாங்க."

மறுநாள் ஆபரேஷன். விதைக்கென்று ஒதுக்கிய பணத்திலிருந்து எழுநூறை எடுத்து அவள் ஆர்கிரிஸின் கையில் கொடுத்தாள். உறையில்லை, வெறும் பணம். கம்பெனி ஆளிடம் கட்டிவிட்டு டாக்டரிடம் சொல்லிவிட வேண்டியது, அவ்வளவுதான். அவள் பாஸ்கலிஸுக்கு மாற்று உடை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். திரும்பியபோது கட்டில் காலியாக இருந்தது. ஆர்கிரிஸ் ஜன்னலருகே நின்று வெளியே விழும் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அண்ணி."

"சரியாத்தான?"

"எல்லாம் சரியாத்தான்."

அவன் முகத்தைத் திருப்பவில்லை. அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. எங்கள் பக்கம் சொந்தக்காரன் கையில் பணம் கொடுத்தால் அப்புறம் அதைப் பற்றிக் கேட்கும் பழக்கம் இல்லை. கேட்பது, திருடன் என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். அதனால் யாரும் கேட்பதில்லை. கேட்காமலே நினைத்துக்கொள்வார்கள்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்த பாஸ்கலிஸ் முதலில் தண்ணீர் கேட்டான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லதைத்தான் போட்டிருக்காங்க. போய்த் தூங்கு," என்றான்.

படத்தைக் காட்டினார்கள். கறுப்பில் ஒரு வெள்ளைப் பட்டை, அதிலிருந்து வெள்ளைத் திருகுகள். எஃகா, மற்றதா என்று அந்த வெள்ளையில் ஒன்றும் தெரியவில்லை.

கொடி கழியில் பாதி ஏறியிருந்தபோது ஆர்கிரிஸ் புதுத் தண்ணீர்ப் பம்பு ஒன்று வாங்கினான். சிவப்பு நிறம். வாய்க்காலின் கரையில் அது நிற்பதை முதல் நாள் காலை தொம்னா பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். வீட்டுக்கு வந்து மிளகாய் சுட்டு, தோலுரித்துக்கொண்டே பாஸ்கலிஸிடம் கேட்டாள்.

"உன் தம்பி பம்பு வாங்கியிருக்கான்."

"பாத்தேன். நல்ல இழுப்பு."

"காசு எங்கிருந்து வந்துச்சு?"

"அவன்கிட்டயே கேளு."

"நான் எப்படிக் கேக்கறது?"

"அப்ப கேக்காத," என்று சொல்லிவிட்டு அவன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனான்.

அன்றிலிருந்து அவளுக்கு அது ஒரு வேலையாகிவிட்டது. குளிர்ந்த நாளில் பாஸ்கலிஸ் காலைத் தடவினால், "எஃகுதான் குளிரும், மத்தது குளிராதாம்," என்பாள். அவன் நொண்டினால் பார்ப்பாள். நொண்டாவிட்டால், "நொண்டலன்னு நடிக்கறியா?" என்பாள். பழைய ரேடியோவின் ஒலிபெருக்கியைக் கழற்றி அதிலிருந்த காந்தத்தை எடுத்து வைத்திருந்தாள். ஒரு ஞாயிறு மதியம், மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு அவன் அசந்து தூங்கியபோது காலுறையை இறக்கி, தழும்பின்மேல் காந்தத்தை மெல்ல வைத்தாள். பிடிக்கவில்லை. மேலே வைத்தாள், கீழே வைத்தாள்.

"என்னடி, தூண்டில் போடறியா?" என்றான் அவன், கண்ணைத் திறக்காமல்.

"பேசாம படு."

"ஏதாவது மாட்டுச்சா?"

மாட்டவில்லை. அவளுக்கு இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தது. மூன்றாம் நாள், மருந்துக்கடைக்காரரிடம் பேச்சுவாக்கில் கேட்டாள். ஆஸ்பத்திரி எஃகும் காந்தத்தில் ஒட்டாது என்று அவர் சொல்லிவிட்டார். மருந்துக்கடைக்காரர் ஆர்கிரிஸோடு சீட்டாடுகிறவர் என்பது வீட்டுக்கு வரும் வழியில்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

அந்த அறுவடைக்கு அவள் களத்தின் குறுக்கே கம்பி கட்டினாள். ஒரு பக்கம் அவர்களுடைய அவரை, மறுபக்கம் இவர்களுடைய அவரை. காற்றில் இவாந்தியாவின் பக்கத்துச் சருகு பறந்து வந்து இவள் குவியலில் விழும். இவள் அதைப் பொறுக்கிக் கம்பிக்கு அந்தப் பக்கம் திரும்பப் போடுவாள்.

"சருகுதானக்கா," என்றாள் இவாந்தியா.

"உங்களது உங்ககிட்டயே இருக்கட்டும். எங்களது எங்க போச்சுன்னுதான் தெரியல."

இவாந்தியா கூடையைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். "என்னன்னு சொல்லிக் கேளு. கேட்டா பதில் சொல்றேன்."

தொம்னா முறத்தைத் தட்டினாள்.

பாஸ்கலிஸ் மட்டும் கம்பியைத் தாண்டிப் போய்வந்தான். காலைத் தூக்கிக் கம்பிக்கு மேலே போட்டு அந்தப் பக்கம் இறங்கும்போது வேண்டுமென்றே இடது காலை முதலில் ஊன்றுவான். சாயங்காலம் காப்பிக்கடையில் தம்பியோடு உட்கார்ந்து, ஏரி மீன் கருவாட்டைச் சுட்டு வைத்துக்கொண்டு சாராயம் குடிப்பான்.

"எதுக்கு அவனோட உக்காந்து குடிக்கற?"

"அவன் என் தம்பி."

"தம்பியா, பம்பா?"

பாஸ்கலிஸ் சிரித்துவிட்டான். பிறகு சிரிப்பு நின்று, எதையோ சொல்லப்போகிறவன்போல் வாயைத் திறந்தான். அவள் கையில் தோலுரித்துக்கொண்டிருந்த மிளகாயைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். "கால் நிக்குது இல்ல?" என்றான். "அதுக்கு மேல உனக்கு என்ன வேணும்?"

"எது நிக்க வைக்குதுன்னு தெரியணும்."

"நான்தான்," என்றான்.

சில வருஷங்கள் அப்படியே போயின. அந்தக் காலோடு அவன் கழி ஊன்றினான், கழி பிடுங்கினான், மூட்டை தூக்கினான். ஒரு செப்டம்பரில், நெற்று பறித்துக்கொண்டிருந்தவன் இரண்டு கொடி வரிசைகளுக்கு நடுவே உட்கார்ந்தான். வெயிலுக்கு உட்கார்ந்திருக்கிறான் என்று தொம்னா அடுத்த வரிசையில் பறித்துக்கொண்டே போய்விட்டாள். திரும்பி வந்து பார்த்தபோது அதே மாதிரி உட்கார்ந்திருந்தான். நெஞ்சுதான் நின்றுபோயிருந்தது. காலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆர்கிரிஸ் வந்து அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். தொம்னா தடுக்கவில்லை, பேசவும் இல்லை. அடக்கம் முடிந்த சாப்பாட்டில் அவனுக்கும் இவாந்தியாவுக்கும் மீனும் ரொட்டியும் மற்றவர்களுக்கு வைப்பதுபோலவே வைத்தாள். வேறு ஊர்க்காரர்களுக்கு வைப்பதுபோல.

எங்கள் ஊர்க் கல்லறை ஏரிக்கு மேலே பாறை முனையில் இருக்கிறது. இடம் குறுகல். புதைத்த சில வருஷத்தில் குழியைத் திறந்து எலும்புகளை எடுத்து, திராட்சை மதுவில் கழுவி, பெட்டியில் போட்டுக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு அறையில் வைத்துவிட வேண்டும். குழி அடுத்தவருக்கு. கழுவுவது பெண்கள். தோண்டுவது ரத்த சொந்தம். கூலிக்கு ஆள் வைத்துத் தோண்டினால் ஊர் சிரிக்கும்.

"நாணல் வேலை தொடங்கறதுக்கு முன்னாடி எடுத்துடலாம் தொம்னா," என்றார் பாபா நெஸ்டர். எங்கள் பாதிரியார். பேச்சு எப்போதும் பாதி இருமலாக வரும். "ஆர்கிரிஸ்கிட்ட சொல்லிடு."

"நீங்க சொல்லுங்க சாமி."

"நான் உங்க ரெண்டு வீட்டுக்கும் தபால்காரனா?"

"ஆமா சாமி."

அவர் இருமிக்கொண்டே போய்ச் சொன்னார்.

அவளுக்கு அந்த நாள் பயமாக இல்லை. மற்ற பெண்கள் அந்த நாளுக்கு முன்னால் அழுவார்கள், எலும்பு என்ன நிறத்தில் வருமோ என்று கலங்குவார்கள். தேன்மெழுகு நிறத்தில் வந்தால் ஆத்மா நிம்மதியாகப் போனது, கறுத்து வந்தால் ஏதோ பாக்கி இருக்கிறது என்பார்கள். தொம்னா ஒன்றை மட்டுமே நினைத்தாள். கேட்காமலே இனித் தெரிந்துவிடும். யார் வாயையும் பார்க்க வேண்டாம். கையில் எடுத்தால் போதும், கனமா இல்லையா என்று. மேலங்கியின் பையில் அவரைக் கொடி அறுக்கும் வளைந்த கத்தியையும் போட்டுக்கொண்டாள், மண்ணைச் சுரண்ட.

காலையில் ஏரிமேல் மூடுபனி. காற்றே இல்லை. ஆர்கிரிஸ் ஏற்கெனவே வந்து மேல்மண்ணை எடுத்திருந்தான். இவாந்தியா மது பாத்திரத்தையும் வெள்ளைத் துணியையும், சர்க்கரையும் மாதுளையும் கலந்து அவித்த கோதுமையையும் கொண்டுவந்திருந்தாள். பாபா நெஸ்டர் ஜபத்தைச் சொல்லி, இருமி, மீண்டும் சொன்னார்.

மண்வெட்டியை வைத்துவிட்டு ஆர்கிரிஸ் கையால் தோண்டினான். முதலில் தலை வந்தது. அதை அவன் இரண்டு கைகளாலும் எடுத்து, நெற்றியில் முத்தமிட்டு மேலே நீட்டினான். இவாந்தியா வாங்கிக்கொண்டாள்.

"மெழுகு மாதிரி இருக்குக்கா," என்றாள் அழுதபடி. "பாரு, மெழுகு மாதிரி வந்திருக்கார்."

தொம்னா பார்த்தாள். பார்த்துவிட்டு, "இடது காலை எடு," என்றாள் குழியைப் பார்த்து.

ஆர்கிரிஸ் நிமிர்ந்தான். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவள் அவனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. அவன் குனிந்து, மண்ணைத் தடவித் தடவி, அந்த எலும்பை எடுத்துக் கொடுத்தான்.

அவள் அதை மதுவில் முக்கித் துடைத்தாள். மறுபடி முக்கினாள். தகடு தெரியவில்லை. இருந்த இடம் தெரிந்தது. எலும்பு அதன் இரு ஓரத்திலிருந்தும் வளர்ந்து, மரம் தன்மேல் அடித்த ஆணியை விழுங்குவதுபோல், தகட்டை மூடிவிட்டிருந்தது. ஒரு முனையில் நகக்கண் அளவுக்கு மட்டும் ஏதோ எட்டிப் பார்த்தது. அதுவும் மண்ணேறிக் கறுத்துக் கிடந்தது. மின்னவும் இல்லை, சாம்பல் நிறமாகவும் இல்லை. கையில் நிறுத்துப் பார்த்தாள். எலும்பின் கனம் எவ்வளவு, உள்ளே இருப்பதன் கனம் எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? முறிந்த இடத்தைத் தேடினாள். ஒரு மேடு இருந்தது. அவ்வளவுதான்.

அவள் பையிலிருந்து கத்தியை எடுத்தாள்.

"தொம்னா," என்றார் பாபா நெஸ்டர். "என்ன பண்ற?"

"கொஞ்சம்தான் சாமி. மேலாப்புல."

"அது விறகு இல்லம்மா. வச்சிடு."

"என் புருஷன் கால். நான் பாக்கறேன்."

முனை தெரிந்த இடத்தில் கத்தியை வைத்து அழுத்தினாள். எலும்பு இளகவில்லை. எலும்பைக் கல்லின்மேல் சாய்த்து, முழங்காலால் அண்டக்கொடுத்துக்கொண்டு இன்னும் அழுத்தினாள். ஒரு துணுக்கு தெறித்து மதுவுக்குள் விழுந்தது. இவாந்தியா முகத்தை மூடிக்கொண்டாள்.

"வேண்டாம்," என்றான் ஆர்கிரிஸ். குழிக்குள் இடுப்பளவு நின்றிருந்தான். "அண்ணி, வேண்டாம். அவனை அறுக்காதீங்க. நான் சொல்றேன்."

"சொல்லு."

"எஃகுதான்."

கத்தி நின்றது. எத்தனையோ வருஷம் காத்திருந்த சொல் இப்படிச் சாதாரணமாக வந்து விழுந்தது. பிறகு சிரித்தாள்.

"தெரியும்," என்றாள். "பம்பு நல்லா இழுக்குதா, கொழுந்தனாரே?"

"அந்தப் பம்பு எங்கப்பா வாங்கிக் குடுத்தது," என்றாள் இவாந்தியா. அழுகை நின்றிருந்தது. "கல்யாணத்துல பொண்ணுக்குக் குடுக்க வேண்டிய பாக்கின்னு எத்தனையோ வருஷம் கழிச்சுக் குடுத்தார். நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். சருகு பொறுக்கிப் போட்ட இல்ல, அன்னைக்கே."

"அப்ப என் பணம்?"

ஆர்கிரிஸ் கைகளிலிருந்த மண்ணைத் தட்டினான். "அன்னைக்குக் காலைல நீங்க கடைக்குப் போனீங்க. நான் பணத்தோட மேல போனேன். அண்ணன் கூப்பிட்டான். எவ்வளவு வச்சிருக்கன்னு கேட்டான். சொன்னேன். குடுன்னான். அந்த டாக்டர் ரெண்டு தரம் உறையைத் திருப்பினவர், அவர் எதுக்குடா என்கிட்டப் பொய் சொல்லணும், எஃகே போடச் சொல்லுன்னான். அண்ணி ஒத்துக்க மாட்டாங்களேன்னேன். அவளுக்குத் தெரிய வேண்டாம்னான். நான் செத்தாலும் சொல்லாதன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கினான்." நிறுத்தினான். "இப்ப சொல்லிட்டேன்."

"வசதியாப் போச்சு," என்றாள் தொம்னா. "சாட்சி குழிக்குள்ள."

"நம்ப வேணாம் அண்ணி. நீங்க நம்புவீங்கன்னு நான் சொல்லல. கத்தியைக் கீழ வைக்கத்தான் சொன்னேன்."

அவன் மறுபடி குனிந்து கை விரல்களின் சிறு எலும்புகளைத் தேடத் தொடங்கினான். பாபா நெஸ்டர் இருமலை அடக்கிக்கொண்டு நின்றார்.

தொம்னா எலும்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நம்பக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஓட்டை எங்கே என்று பழக்கப்படி தேடினாள். அண்ணன் பணத்தை வாங்கியிருந்தால் அந்தப் பணம் வீட்டில் எங்கே? அவள் அலமாரி அறிவாள், மெத்தை அறிவாள். எங்கேயும் எழுநூறு யூரோ இருந்ததில்லை. அப்படித் தேடிக்கொண்டே போனவள், கால் முறிந்த வருஷத்து மே மாதத்தில் வந்து நின்றாள். பாஸ்கலிஸ் ஊன்றுகோலோடு வரப்பில் உட்கார்ந்திருந்தான். வயலில் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த இரண்டு அல்பேனியர்கள் அவனுக்குப் பதிலாகக் கழி ஊன்றிக்கொண்டிருந்தார்கள். முழு வயலும். பத்து நாளுக்குக் குறையாது. மதியம் அவள்தான் அவர்களுக்கு அவரைச் சூப்பும் ரொட்டியும் கொண்டுபோனாள். அவர்கள் போகும்போது பாஸ்கலிஸின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். கூலி பாக்கி உள்ளவர்கள் அப்படிக் குலுக்கிவிட்டுப் போகமாட்டார்கள். அறுவடைக்குப் பிறகும் அவர்கள் கேட்டு வரவில்லை.

அந்தக் கூலியை யார் கொடுத்தது என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள் அதை மட்டும் சந்தேகப்படவில்லை. அந்த வருஷத்து விளைச்சல் நன்றாக இருந்தது. யானை நிறைய வந்தது.

மூடுபனி லேசாக விலகி, கீழே ஏரி ஒரு துண்டு தெரிந்தது. இவாந்தியா மதுவில் கைவிட்டு, தெறித்து விழுந்திருந்த அந்தச் சிறு துணுக்கைத் தேடி எடுத்தாள். துணியின் ஓரத்தில் மற்றவற்றோடு வைத்தாள்.

"அவனுக்கு என்கிட்ட ஏன் சொல்லத் தோணல?" என்று கேட்டாள் தொம்னா. யாரைக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

ஆர்கிரிஸ்தான் பதில் சொன்னான், குழிக்குள்ளிருந்து, தலை நிமிராமல். "சொல்லியிருந்தா நீங்க அவனை அந்தக் காலை ஊன்றி நடக்க விட்டிருப்பீங்களா அண்ணி?"

அவள் எலும்பை அவனிடம் நீட்டினாள். அவன் மேலே ஏறி வந்து, இரண்டு கைகளிலும் மதுவை ஊற்றிக்கொண்டு அதை வாங்கினான். அண்ணனின் காலை அவன் கழுவுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விட்டிருக்க மாட்டேன்," என்றாள்.